சாக்கடை சோஷலிஸ்டுகளின் ஊர்: மில்வாக்கி நகரை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஓர் இலக்கியக் கூட்டம். அமெரிக்காவில் இரண்டு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பிய எழுத்தாளர் ஒருவர் தம் பயண அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார். நியூயார்க்கின் அருங்காட்சியகங்கள், சான் பிரான்சிஸ்கோவின் புத்தகக் கடைகள் என ஒன்றரை மணி நேரம் சுவையாகப் பேசினார். கேள்வி நேரத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "இரண்டுக்கும் நடுவில் என்ன சார் இருக்கிறது?" என்றார். "சோளக்காடு தம்பி. விமானத்தில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கிவிட வேண்டியதுதான்" என்றார் எழுத்தாளர். அரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அவர் சொன்ன சோளக்காட்டில்தான் என் தங்கை பதினான்கு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறாள். 2017-இலும் 2023-இலும் கோடை விடுமுறையை நானே அங்கு கழித்திருக்கிறேன். எழுந்து மறுத்திருக்க வேண்டியவன் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் சண்டை அந்த எழுத்தாளரோடு மட்டும் அல்ல. விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், சிகாகோவுக்கு வடக்கே சுமார் 145 கிலோமீட்டரில் இருக்கும் மில்வாக்கியைப் பற்றித் தமிழர்களிடம் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று, பார்க்காமலே ஏளனம் செய்வது. மற்றது, அங்கே வாழ்ந்துகொண்டே பார்க்காமல் புகழ்வது. இரண்டாவதை என் தங்கை வீட்டு வரவேற்பறையில் கேட்டேன். "நியூஜெர்சியில் அபார்ட்மெண்ட்டுக்குக் கொடுக்கிற வாடகையில் இங்கே தோட்டத்தோடு தனி வீட்டுக்குத் தவணை கட்டலாம் மச்சான். டிராஃபிக் கிடையாது. பத்து நிமிஷத்தில் வேலைக்குப் போய்விடுவேன். ஸ்கூல் நல்ல ஸ்கூல்" என்றார் மாப்பிள்ளை. மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். உழைத்து மேலே வந்த மனிதர். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைகளை வரிசையாக அடுக்கி முடித்தபோது அங்கே ஒரு நகரம் இருந்ததற்கான சுவடே இல்லை என்பதுதான் என் புகார்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மில்வாக்கி போன்ற ஒரு நடுத்தர நகரத்தின் ஈர்ப்பு அதன் மலிவிலோ அமைதியிலோ இல்லை. அதன் அளவில் இருக்கிறது. ஊரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது, பூங்காவை யார் கட்டினார்கள், பாலத்தின் அந்தப் பக்கம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு சாதாரண மனிதன் தன் ஆயுளுக்குள் அறிந்துகொள்ள முடிகிற அளவு அது. அறிந்தபின் அதில் கைவைக்கவும் முடிகிற அளவு. பெருநகரத்தில் இது ஒருவரின் சக்திக்கு மீறியது. சிற்றூரில் அறிந்துகொள்ள ஒரு வாரம் போதும், மாற்றத்தான் முடியாது. இந்த அளவை மறந்துவிட்டு வீட்டு விலையைப் புகழ்கிறவர்கள் நகரத்தை அவமதிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

*

2017 மே மாதம் முதன்முதலாக ஏரிக்கரைக்குப் போனேன். கடல் என்றே நினைத்தேன். அக்கரை தெரியவில்லை, அலை அடித்தது, கடற்பறவைகள் கத்தின. உப்பு வாடை மட்டும் இல்லை. ஊருக்குள் வெயில் சுளீரென்று அடித்தது. கரையிலோ குளிர்காற்றில் நின்றுகொண்டிருந்தேன். "ஏரியோரம் குளிர் கூடும்" என்பது அவ்வூர் வானிலை அறிக்கையின் நிரந்தர வாக்கியம் என்று தங்கை சொன்னாள்.

என்னை நிறுத்தியது காட்சியைவிட அங்கிருந்த மனிதர்கள்தான். ஒரு கறுப்பினக் குடும்பம் கரி அடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. மெக்ஸிகோ வழிவந்த பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். லாவோஸ் மலைகளிலிருந்து போரால் பெயர்ந்துவந்த மோங் இனத்து முதியவர் ஒருவர் தூண்டிலோடு அமர்ந்திருந்தார். நுழைவுக் கட்டணம் இல்லை. மைல் கணக்கில் நீளும் கரையில் பெரும்பகுதி பொதுப் பூங்கா. ஏரி பார்த்த நிலத்தின் மதிப்பு என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது எப்படித் தனியார் கைக்குப் போகாமல் தப்பியது? இயற்கை தந்த கொடை என்று நினைத்தால் தவறு. அதற்குப் பின்னால் முழுக்க முழுக்க அரசியல் இருக்கிறது.

1910-இல் மில்வாக்கி மக்கள் எமில் சைடல் என்ற சோஷலிஸ்டை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றுக்கு முதல் சோஷலிஸ்ட் மேயர் அவர். தொழிலால் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்பவர். அவருடைய அந்தரங்கச் செயலாளராக வேலை பார்த்தவர் யார் தெரியுமா? பின்னாளில் சிகாகோவின் கவி என்று உலகம் கொண்டாடிய கார்ல் சாண்ட்பர்க். இலக்கிய வரலாறுகள் சாண்ட்பர்க்கை சிகாகோவில் நிறுத்துகின்றன. அதற்கு முன் இந்த நகராட்சி அலுவலகத்தில் குப்பை, குழாய், தெருவிளக்கு குறித்த கடிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதரை அவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

சைடலுக்குப் பின் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள் மேயராக இருந்தார். பிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை. மூவரும் சோஷலிஸ்டுகள். மூவரும் புரட்சியை நாள் குறித்து அறிவிக்கவில்லை. சாக்கடை கட்டினார்கள். குடிநீர், தடுப்பூசி, பூங்கா, நூலகம், லஞ்சமில்லாத ஒப்பந்தம் என்பவைதான் அவர்களுடைய சோஷலிசம். சார்லஸ் விட்னால் என்ற சோஷலிஸ்ட் 1923-இல் ஆற்றங்கரைகளையொட்டிப் பூங்காப் பாதைகள் அமைக்கத் திட்டம் போட்டார். வெள்ளம் வரும் நிலத்தில் வீடு கட்டாமல் மரம் வை என்பது அதன் சாரம். இன்று நம் நகரங்கள் ஒவ்வொரு மழைக்கும் மூழ்கும்போது இந்தச் சாரத்தை நினைத்துக்கொள்கிறேன். 1920-களின் நடுவில் துறைமுகத்தருகே ஜோன்ஸ் தீவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே மிஞ்சும் வண்டலை உலர்த்தி 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் உரமாக விற்கிறார்கள். 1926-இல் தொடங்கிய விற்பனை இன்றும் நடக்கிறது.

இவர்களுக்கு 'சாக்கடை சோஷலிஸ்டுகள்' என்று பெயர் வைத்தவர், 1932 கட்சி மாநாட்டில், மோரிஸ் ஹில்குவிட் என்பார்கள். வசைச்சொல்லாகத்தான் சொன்னார். அவர் எந்த ஊர்க்காரர்? நியூயார்க். கோட்பாட்டின் தலைநகரிலிருந்து வந்தவருக்கு, சாக்கடையைப் பற்றியே ஓயாமல் பேசும் மாகாணத்துத் தோழர்களைக் கண்டால் சலிப்பு. மில்வாக்கிக்காரர்கள் அந்த வசையைப் பட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு நகரத்தின் சுபாவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. 'சோளக்காடு' என்ற நம் எழுத்தாளரின் நகைச்சுவை ஹில்குவிட்டின் சலிப்புக்குப் பேரன் முறை.

இலக்கியவாசிகளுக்காக இன்னொரு தகவல். நாம் இன்றும் விரல் வைக்கும் ஆங்கிலத் தட்டச்சுப் பலகையின் மூலம் இந்த ஊர்தான். கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்ற அச்சுத்தொழிலாளி, பத்திரிகை ஆசிரியர், மில்வாக்கியில் ஒரு சிறு பட்டறையில் கூட்டாளிகளோடு உழன்று 1868-இல் தட்டச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எழுத்தின் உலக வரலாற்றைத் திருப்பிய அந்தப் பொறி எந்தத் தலைநகரத்திலிருந்தும் வரவில்லை. அச்சுக்கோப்பவரும் இயந்திரம் கடைபவரும் ஒரே தெருவில் சந்தித்துக்கொள்ளக்கூடிய ஊரிலிருந்து வந்தது.

*

இத்தோடு நிறுத்தினால் நானும் நகரம் விற்கும் தரகன் ஆகிவிடுவேன். அந்தத் தரகனை சின்க்ளேர் லூயிஸ் 1922-லேயே எழுதிவிட்டார். 'பாபிட்' நாவலின் நாயகன் ஸெனித் என்ற கற்பனையான மத்திய மேற்கு நகரத்தில் வீட்டுமனை விற்பவன். தன் ஊரைப் போல் ஊர் உண்டா என்று மேடையேறிப் பேசுபவன். ஊரைப் புகழ்ந்து புகழ்ந்தே உள்ளுக்குள் காலியாகிப் போனவன். மாப்பிள்ளையின் வரவேற்பறையில் நான் கேட்டது பாபிட்டின் குரல்தான். ஆகவே மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும்.

ஜோன்ஸ் தீவில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது என்றேன். அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்? பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த கஷூபிய மீனவக் குடும்பங்கள். பட்டா இல்லாத மக்கள். துறைமுகத்துக்காகவும் நிலையத்துக்காகவும் அவர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். கடைசி மனிதர் 1943-இல் வெளியேறினார். இன்று அவர்கள் நினைவாக ஒரு வீட்டுமனை அளவேயுள்ள பூங்கா மட்டும் இருக்கிறது. அந்த இயக்கத்தின் மூளையாக இருந்த விக்டர் பெர்கர், 1910-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் சோஷலிஸ்ட், 1902-இல் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்று எழுதியவர். சமத்துவம் பேசிய கைதான் அதையும் எழுதியது.

அந்த வாக்கியத்தின் விலையை நகரம் பின்னர் கட்டியது. தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனதைவிடத் தாமதமாக, பெருமளவில் 1950-களிலும் 60-களிலும்தான், மில்வாக்கிக்கு வந்தார்கள். அவர்கள் வந்து காலூன்றும் நேரத்தில் தொழிற்சாலைகள் ஆட்டம் காணத் தொடங்கின. ஷ்லிட்ஸ் பீர் ஆலை 1981-இல் மூடப்பட்டது. இயந்திரங்கள் செய்த அல்லிஸ்-சால்மர்ஸ் 1987-இல் திவாலானது. பாப்ஸ்ட் ஆலை 1996-இல் போயிற்று. 1960-இல் 7,41,324 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பில் 5,77,222 பேர். கறுப்பின மக்களின் கடைவீதியும் இசைக்கூடங்களும் இருந்த பிரான்ஸ்வில் பகுதியை நெடுஞ்சாலை பிளந்து சென்றது.

நகரின் வடக்கையும் தெற்கையும் மெனாமனி ஆற்றுப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. அன்று வடக்கே கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள், தெற்கே பெரும்பாலும் போலந்து வழிவந்த வெள்ளையர். இரண்டையும் இணைக்கும் 16-ஆம் தெருப் பாலத்தைப் பற்றி ஊரில் ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு. உலகிலேயே நீளமான பாலம் அதுதானாம், ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைக்கிறதாம். விரும்பிய பகுதியில் யாரும் வீடு வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம் என்ற தீர்மானத்தை வெல் பிலிப்ஸ் 1962-இல் நகரமன்றத்தில் கொண்டுவந்தார். மன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், முதல் கறுப்பின உறுப்பினர். ஆதரவாக விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று, அவருடையது. மீண்டும் கொண்டுவந்தார். மீண்டும் தோற்றது. 1967 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின இளைஞர்கள், தெற்குப் பகுதியில் பிறந்த ஜேம்ஸ் கிராப்பி என்ற கத்தோலிக்கப் பாதிரியாரோடு அந்தப் பாலத்தின் மீது நடந்தார்கள். எதிர்ப்பக்கம் ஆயிரக்கணக்கானோர் கல்லோடும் பாட்டிலோடும் நின்றார்கள். மறுநாளும் நடந்தார்கள். பனிக்காலம் முழுவதும் நடந்தார்கள். தொடர்ச்சியாக 200 இரவுகள். 1968 ஏப்ரல் 30-இல் நகரமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது.

நான் 2017-இல் அங்கிருந்தபோது அந்த நடைப்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கு நகரம் தயாராகிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு இப்போது கிராப்பியின் பெயர். ஒரு மாலை அதன் நடைபாதையில் நடந்து பார்த்தேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு நகரத்தின் மனசாட்சி இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் இருக்கிறது, நடந்து கடக்கக்கூடிய தூரத்துக்குள் இருக்கிறது என்பதே என்னை உலுக்கியது. அளவு என்று நான் சொல்வது இதைத்தான்.

சட்டம் வந்ததே தவிர கோடு அழியவில்லை. இனவாரியாக அதிகம் பிளவுண்ட அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளில் ஒன்றாக மில்வாக்கி இன்றும் இருக்கிறது. வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வருபவர்களைப் பற்றி மாத்யூ டெஸ்மண்ட் 2016-இல் எழுதி, 2017-இல் புலிட்சர் பரிசு பெற்ற 'எவிக்டட்' நூல் முழுக்க இந்த ஊரைப் பற்றியதுதான். மலிவான ஊர், மலிவான ஊர் என்று கொண்டாடுகிறோமே, அந்த மலிவான ஊரில்தான் வருமானத்தின் பெரும்பகுதியை வாடகைக்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தில் பிள்ளை வளர்த்து, ஒரு மாதம் தவறினால் சாமான்களோடு நடைபாதையில் நிற்கிறார்கள். மலிவு என்ற சொல்லே யாருக்கு என்ற கேள்வி இல்லாமல் பொருளற்றது.

*

இப்போது நம்மவர்களிடம் வருகிறேன். நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் தங்கை வீடு மில்வாக்கியில் இல்லை. மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி வாக்கிஷாவில் இருக்கிறது. நான் சந்தித்த தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் மில்வாக்கிக்கு வெளியேதான் வீடு வாங்கியிருந்தன. "மில்வாக்கியில் இருக்கிறோம்" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறவர்கள் மாதக்கணக்கில் மில்வாக்கிக்குள் கால் வைப்பதில்லை. கேட்டால் இரண்டு காரணம்: பள்ளி, பாதுகாப்பு.

அங்கே பள்ளிகளின் நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் வீடு என்பது பிள்ளையின் எதிர்காலத்தோடு பிணைந்தது. அந்தக் கோடு தானாக விழவில்லை. வெளியேறும் மக்களையும் தொழில்களையும் நகரத்துக்குள் வைத்துக்கொள்ள பிராங்க் சைட்லர் சுற்றுப்புறங்களை மில்வாக்கியோடு இணைத்துக்கொண்டே போனார். புறநகரங்கள் எதிர்த்தன. 1955-இல் 'ஓக் கிரீக் சட்டம்' என்று பெயர் பெற்ற மாநிலச் சட்டம் வந்தது. நகரை ஒட்டிய ஊர்கள் தனி நகராட்சிகளாக மாறிக்கொள்ள வழி திறந்தது. மில்வாக்கி சூழப்பட்டது. சைட்லர் இதை 'இரும்பு வளையம்' என்றார். 1956 தேர்தலில், அவர் தெற்கு மாநிலங்களில் விளம்பரப் பலகை வைத்துக் கறுப்பின மக்களை மில்வாக்கிக்கு அழைக்கிறார் என்று வதந்தி பரப்பினார்கள். அப்பட்டமான பொய். ஆனாலும் அவர் வென்றார். வளையம் மட்டும் இறுகிப்போயிற்று. அதன் பல ஊர்களில் அடுக்குமாடி கட்டக்கூடாது, இவ்வளவு பரப்புக்குக் குறைந்த மனை கூடாது என்ற விதிகள் வந்தன. எந்த விதியிலும் இனத்தின் பெயர் இல்லை. தேவைப்படவில்லை.

அக்கிரகாரம், ஊர், சேரி என்று தலைமுறைகளாகத் தெருவின் மொழியை வாசித்துப் பழகியவர்கள் நாம். ஒரு கிராமத்துக்குள் நுழைந்ததும் எந்தத் தெருவில் யார் என்று சொல்லிவிடுவோம். வாக்கிஷாவின் அமைதிக்கும் மில்வாக்கியின் வடக்குப் பகுதிக்கும் உள்ள உறவு மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி? தெரியாமல் போவதில்லை. அங்கே நாம் எந்தத் தெருவில் குடிபுகுந்தோம் என்பதைப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான். 1967-இல் பாலத்தில் நடந்தவர்கள் கேட்ட உரிமையின் பயனாளிகள் நாமும்தான். நம் நிறத்துக்கும் அன்று கதவு எளிதில் திறந்திருக்காது.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். வருத்தப்பட்டார். "என் பிள்ளைக்கு நல்ல ஸ்கூல் வேண்டும் என்று நினைத்தது தப்பா மச்சான்?" தப்பில்லை. இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை என்பதையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். நானும் என் மகனை அரசுப் பள்ளியில் சேர்க்கவில்லை. ஆனால் தகப்பனாக ஒருவர் எடுக்கும் முடிவு வேறு, அந்த முடிவை ஊரின் பெருமையாக்கி மற்றவர்களுக்குப் பிரசாரம் செய்வது வேறு. முதலாவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இரண்டாவதோடுதான் என் சண்டை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளை இனவெறியன் ஒருவன் சீக்கியர்களின் குருத்வாராவுக்குள் புகுந்து சுட்டதில் ஆறு பேர் அன்றே இறந்தார்கள். படுகாயத்தோடு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஒருவர் 2020-இல் இறந்தார். உதவிக்கு ஓடிவந்த காவல் அதிகாரி பதினைந்து குண்டுகளை உடலில் வாங்கிப் பிழைத்தார். இது நடந்தது எல்லோரும் அஞ்சும் வடக்குப் பகுதியில் அல்ல. ஓக் கிரீக்கில். 1955-இல் எந்த ஊரின் பெயரால் வளையச் சட்டம் வந்ததோ அதே ஊரில். வளையத்துக்கு வெளியே குடியேறிவிட்டால் நாமும் வெளியே ஆகிவிடுவோம் என்ற நம்பிக்கை அன்று அந்த மண்டபத்தில் உடைந்தது.

*

"அதெல்லாம் சரி, இலக்கியத்துக்கு என்ன?" என்று நம் எழுத்தாளர் கேட்கலாம். பதிப்பகமும் விமர்சகரும் அரங்கமும் இருக்கும் பெருநகரத்தில்தானே இலக்கியம்?

மில்வாக்கிக்கு மேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் ஃபோர்ட் அட்கின்ஸன் என்ற சிற்றூர். அருகில் ஆற்றோரம், வெள்ளம் வந்தால் மூழ்கும் நிலத்தில் வாழ்ந்தவர் லோரின் நீடெக்கர். 1931-இல் ஊர் நூலகத்தில் 'பொயட்ரி' இதழின் ஒரு சிறப்பிதழைப் படித்துவிட்டு, அதைத் தொகுத்த லூயி ஸுகோஃப்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாள் முழுவதும் நீண்ட கடிதத் தொடர்பு அது. 1957 முதல் 1963 வரை அவ்வூர் மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை பார்த்தார். அவர் கவிதை எழுதுகிறார் என்பது உடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. 1963-இல் மில்வாக்கித் தொழிலாளி ஒருவரை மணந்து சில ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தார். 1970 டிசம்பர் 31 அன்று இறந்தார். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையைப் பற்றி இன்று எழுதுகிற எவரும் அவரை ஒதுக்கிவிட முடியாது. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் டெட் கூசர் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபடி, அலுவலகம் போகும் முன் விடியற்காலையில் எழுதினார். 2004-இல் அமெரிக்க அரசவைக் கவிஞர், 2005-இல் புலிட்சர்.

இவர்களுக்குப் பெருநகரம் தேவைப்படவில்லை என்று நான் வாதிடவில்லை. நீடெக்கருக்கு நியூயார்க்கிலிருந்து வந்த கடிதங்கள் தேவைப்பட்டன. ஆனால் அந்த இதழை வாங்கி வைத்திருந்த ஊர் நூலகம் அதற்கு முன்னால் தேவைப்பட்டது. மில்வாக்கியின் ரிவர்வெஸ்ட் பகுதியில் 'வுட்லேண்ட் பேட்டர்ன்' என்ற புத்தக மையம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. சிறுபத்திரிகைகளும் சிறுபதிப்பகங்களின் கவிதை நூல்களும்தான் அதன் சரக்கு. 2023-இல் அங்கே ஒரு மதியம் முழுவதும் நின்றே படித்தேன். யாரும் விரட்டவில்லை. 1898-இல் கட்டிய மத்திய நூலகத்தில் கோட்டும் சூட்டுமாக வந்தவரும், தன் உடைமை முழுவதையும் இரண்டு பைகளில் சுமந்துவந்தவரும் ஒரே மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். இலக்கியம் பிறக்கும் இடம் எதுவென்று எனக்குத் தெரியாது. அது பிழைத்திருக்கும் இடம் இது.

கோடையில் மட்டும் போய்விட்டுப் பேசுகிறாய் என்று சொல்லலாம். நியாயம்தான். அந்தப் பனிக்காலத்தை நான் பார்த்ததில்லை. ஜனவரியில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும், மூச்சுக்காற்று மூக்கிலேயே உறையும், மூன்றாவது வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். "உனக்கென்ன அண்ணா, பூங்காவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாய்" என்பாள். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நகரமும் தவறு செய்யாத நகரம் இல்லை. சாக்கடை சோஷலிஸ்டுகளின் ஊரில்தான் 1993-இல் குடிநீரில் நுண்ணுயிர் கலந்து நான்கு லட்சம் பேர் நோயுற்றார்கள். பலர், குறிப்பாக எய்ட்ஸ் நோயாளிகள், இறந்தார்கள். அதன் பிறகு நகரம் ஓசோனால் நீரைச் சுத்திகரிக்கும் முறைக்கு மாறியது, நீர் எடுக்கும் குழாயை ஏரிக்குள் இன்னும் தூரம் தள்ளியது. ஆனாலும் பல்லாயிரம் பழைய வீடுகளுக்கு இன்றும் ஈயக் குழாய்களில்தான் நீர் போகிறது, பெரும்பாலும் ஏழைகளின் தெருக்களில். கட்டியது, பிழை செய்தது, திருத்தியது, திருத்தாமல் விட்டது எல்லாமே அங்கே பெயரோடும் ஆண்டோடும் கண்முன் இருக்கின்றன. ஒரு நகரத்தை நேசிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒரு செய்தி. வாக்கிஷா ஒரு காலத்தில் ஊற்றுநீருக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த நிலத்தடி நீரில் ரேடியம் அளவுக்கு மீறியிருப்பதால் குடிக்க ஆகாது என்றாகி, மிச்சிகன் ஏரியிலிருந்து நீர் வேண்டும் என்று விண்ணப்பித்தது. ஏரியின் வடிநிலத்துக்கு வெளியே இருக்கும் ஊர் என்பதால் எட்டு மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2016-இல் கிடைத்தது. 2023 அக்டோபர் முதல் வாக்கிஷாவின் குழாய்களில் வருவது மில்வாக்கி நகராட்சி சுத்திகரித்து விற்கும் நீர். ஒரு நிபந்தனை: பயன்படுத்திய நீரைச் சுத்தம் செய்து ஏரிக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

சென்ற வாரம் தங்கையோடு பேசியபோது தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ருசி மாறியிருக்கிறது அண்ணா, நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். பின்னணியில் மாப்பிள்ளை குரல் கேட்டது: "மில்வாக்கித் தண்ணீர்தானே குடிக்கிறோம், மச்சானுக்குத் திருப்திதானே?" சிரித்தேன். இந்த முறை உறுத்தவில்லை. அடுத்த முறை வரும்போது இருவரையும் பிள்ளையோடு அந்தப் பாலத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.